சிம்பலில் விரிசல் விட்டால்

புதுச்சேரியில் சிம்பலுக்கு ஓய்வு கிடையாது. ஈஸ்டரை ஒட்டி வில்லியனூர் லூர்து மாதா தேர்பவனி, ஜூன் 21 இசைத் திருவிழா, பிரெஞ்சு தேசிய நாளை ஒட்டி ஜூலை 13 இரவு தீப்பந்த ஊர்வலம், மறுநாள் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தின் முன் இந்திய, பிரெஞ்சு நாட்டுப் பண்கள், இவற்றுக்கு நடுவே கல்யாணம், சாவு, கோவில் ஊர்வலம் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பேண்டு செட்டில் கையால் மோதும் ஜோடியும், மேடையில் ஸ்டாண்டில் நிற்கும் கிராஷும் ரைடும், ஒன்று விடாமல் அடி வாங்குகின்றன. கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பாதி ஊர் இருப்பதால் உப்புக்காற்றும் தன் பங்குக்கு அரிக்கிறது.

விரிசல் கண்டதும் பலர் செய்வது இரண்டில் ஒன்று. கண்டும் காணாமல் இன்னும் நாலு கச்சேரி வாசிப்பார்கள், அல்லது வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இரண்டுமே சிம்பலைக் கொல்லும். விரிசல் விட்ட சிம்பலை ஒட்டவைக்க முடியாது. விரிசலை நிறுத்த முடியும். அரமும் டிரில்லும் பொறுமையும் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். ஆனால் விரிசல் விரல் நகத்தளவு இருக்கும்போதே செய்ய வேண்டும்.

முதலில் உலோகத்தை அறிந்துகொள்ளுங்கள்

கையில் இருப்பது எந்த உலோகம் என்று தெரியாமல் அரத்தைத் தொடாதீர்கள். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். டிரம்ஸ் வாசிப்பவர்கள் இதை பி-20 என்பார்கள். 1623-இல் கான்ஸ்டான்டிநோபிளில் தொடங்கி, 1929-இல் அமெரிக்காவில் நிறுவனம் தொடங்கிய ஜில்ஜியன் குடும்பத்தின் புகழெல்லாம் இந்தக் கலவையில்தான் இருக்கிறது. அவர்களுடைய ஏ, கே வரிசைகளும், சேபியனின் ஏஏ, ஹெச்ஹெச் வரிசைகளும் இதுதான். இது வளையாது, பட்டென்று விரியும். இரண்டாவது 92-க்கு 8 என்ற கலவையில் தகடாக உருட்டி வெட்டிய பி-8. பைஸ்டேயின் 2002 வரிசை இதில் பேர்போனது, விலை குறைந்த வரிசைகள் பலவும் இதில்தான் வருகின்றன. மூன்றாவது பித்தளை. புதிதாக வாங்கும் டிரம்ஸ் செட்டோடு இலவசமாக வருபவையும், மீரட் ஜாலிகோட்டி பகுதியிலிருந்து நாடெங்கும் போகும் பேண்டு வாத்தியங்களில் பலவும் பித்தளை. இது மஞ்சளாக இருக்கும். ஓரத்தை அழுத்தினால் மடங்கும், மடங்கியபடியே நிற்கும்.

பெயர் அழிந்துபோன சிம்பலா? பெல்லின், அதாவது நடுவே கிண்ணம் போல மேடிட்ட பகுதியின், உட்புறத்தில் ஒரு துளி இடத்தை அரத்தால் தேய்த்துப் பாருங்கள். எலுமிச்சை மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. சற்றுச் செம்மை ஓடினால் வெண்கலம். பிறகு குச்சியால் தட்டிக் கேளுங்கள். பித்தளையின் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும், பி-20 நீண்டு நின்று மெல்லத் தேயும்.

நெருப்பு ஏன் கூடாது

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நல்ல சிம்பல்கள் வீணாவதற்கு அடியைவிட வெல்டிங்தான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகும். வெள்ளீயம் அதிகமுள்ள வெண்கலம் நேர் எதிர். அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால்தான் சுத்தியலுக்கு இணங்கும். மெதுவாக ஆறவிட்டால் உள்ளே கண்ணாடி போல நொறுங்கும் ஒரு படிகம் உருவாகி, மொத்தமும் உடையும் பண்டமாகிவிடும். சிம்பல் செய்பவர்கள் காய்ச்சுவதும் உருட்டுவதும் முக்குவதும் தட்டுவதுமாக இந்தக் குணத்தோடு மல்லுக்கட்டித்தான் ஒரு தட்டை உருவாக்குகிறார்கள். தமிழ்நாட்டுக்கு இது புதிய வித்தை அல்ல. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த பழங்கால வெண்கலக் கிண்ணங்கள் வெள்ளீயம் மிகுந்தவை என்றும், காய்ச்சி அடித்துத் தண்ணீரில் முக்கி மெல்லியதாக்கப்பட்டவை என்றும் உலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் விரிவாக எழுதியிருக்கிறார்.

இப்போது வெல்டிங் பட்டறையில் நடப்பதை யோசியுங்கள். விரிசலைச் சுற்றி ஒரு விரற்கடை அகலம் மட்டும் சிவக்கிறது, பிறகு காற்றில் தானாக ஆறுகிறது. ஒட்டிய இடம் பிடித்துக்கொள்ளும், அதற்குப் பக்கத்து இடம் நொறுங்கும் நிலைக்குப் போய்விடும். அடுத்த ஊர்வலத்தில் ஒட்டுக்கு இருபுறமும் புதிதாக இரண்டு விரிசல் வந்திருக்கும். பி-8-க்கும் பித்தளைக்கும் இது வேறு விதமாக முடியும். அவற்றின் விறைப்பு குளிர்ந்த நிலையில் உருட்டித் தட்டியதால் வந்தது. சூடு பட்ட இடத்தில் அந்த விறைப்பு போய்விடும், ஒலி அங்கே செத்துவிடும். பித்தளையைப் பற்றவைத்தால் துத்தநாகப் புகையும் கிளம்பும். அதை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கில் ஒட்டுப் போட்டால் காலம் காலமாக நிற்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. விளக்கு அசையாமல் நிற்கிறது, அது ஒலிக்க வேண்டியதில்லை. சிம்பல் ஒவ்வொரு அடிக்கும் நொடிக்குப் பல நூறு தடவை வளைந்து நிமிர்கிறது. எபாக்ஸி, எம்-சீல், ஈயம் எல்லாமே அந்த அதிர்வில் பெயர்ந்துவிடும். அதற்கு முன்பே ஒலியையும் அமுக்கிவிடும்.

விரிசலின் முனையைக் கண்டுபிடிப்பது

கண்ணுக்குத் தெரியும் இடத்தில் விரிசல் முடிவதில்லை. மயிரிழையாக இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும். அந்த முனையைத் தவறவிட்டால் மற்ற வேலை அத்தனையும் வீண்.

சிம்பலைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். விரிசலின் மேல் மண்ணெண்ணெய் அல்லது டீசலைப் பஞ்சால் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு மேற்பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துணியால் அழுத்தித் துடையுங்கள். எழுதும் சாக்பீஸைப் பொடித்து மேலே தூவி, சிம்பலை விரலால் லேசாகச் சுண்டுங்கள். விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் மேலேறி, வெள்ளைப் பொடியில் ஒரு கருங்கோடாகத் தெரியும். கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் முனை. சிம்பலைத் திருப்பிப் போட்டு அடிப்புறத்திலும் இதையே செய்யுங்கள். இரு பக்கத்து முனைகளும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். எது அதிக தூரம் ஓடியிருக்கிறதோ அதைக் கணக்கில் எடுங்கள்.

ஓட்டை போட்டு நிறுத்துவது

விரிசல் முன்னேறுவதற்குக் காரணம் அதன் கூர்முனை. அதிர்வின் முழுப் பலமும் அந்த ஒரு புள்ளியில் குவிகிறது. முனையில் வட்டமான ஓட்டை போட்டால் அந்தப் பலம் வட்டத்தைச் சுற்றிப் பரவிவிடும், விரிசலும் நின்றுவிடும். விமானத் தகட்டில் விரிசல் கண்டால் பராமரிப்புப் பணியாளர்கள் தற்காலிகமாகச் செய்வதும் இதைத்தான்.

தெரியும் முனையிலிருந்து சுமார் 1 மி.மீ. தள்ளிக் குறி வையுங்கள். சென்டர் பஞ்சை லேசாகத் தட்டினால் போதும். ஓங்கி அடித்தால் பி-20-இல் அந்த அடியே விரிசலை நீட்டிவிடும். சிம்பலுக்கு அடியில், குறியிட்ட இடத்துக்கு நேர் கீழே, தேக்கு அல்லது வேப்பங்கட்டை ஒன்றை முட்டுக்கொடுங்கள். அந்தரத்தில் பிடித்துக்கொண்டு துளைக்கக் கூடாது. 3 மி.மீ. ஹெச்எஸ்எஸ் பிட் போதும், ஆனால் புதியதாக இருக்கட்டும். செம்புக் கலவைகளில் பிட் அடிப்புறம் வெளிவரும் நேரத்தில் கொக்கி போல மாட்டி இழுக்கும். அதைத் தடுக்க லேத் பட்டறைக்காரர்கள் ஒரு காரியம் செய்வார்கள்: பிட்டின் வெட்டும் விளிம்பை எண்ணெய்க்கல்லில் ஓரிரு தடவை தேய்த்து அதன் சாய்வைக் குறைத்துவிடுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நிதான வேகத்தில், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அவ்வப்போது நிறுத்தித் துளையுங்கள். கை பொறுக்காத சூடு வரவே கூடாது. கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

துளைத்த பிறகு மண்ணெண்ணெய்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஓட்டையைத் தாண்டிக் கோடு தெரிந்தால் முனை தப்பிவிட்டது என்று அர்த்தம், இன்னொரு மில்லிமீட்டர் தள்ளித் துளைக்க வேண்டும். தாண்டவில்லை என்றால் ஓட்டையை 5 அல்லது 6 மி.மீ. வரை பெரிதாக்கி, இரு பக்க விளிம்பையும் மழித்து, 400-ஆம் நம்பர், பிறகு 800-ஆம் நம்பர் உப்புத்தாளால் நீவுங்கள். ஓட்டைக்குள் ஒரு சிறு கீறல் இருந்தாலும் அதிலிருந்து அடுத்த விரிசல் பிறக்கும்.

இத்தோடு விட்டுவிடலாமா? அவசரத்துக்கு விடலாம். ஆனால் விரிசலின் இரு உதடுகளும் ஒன்றோடொன்று உரசி ஜிர்ரென்று ஒலிக்கும், இழுத்துக்கொண்டும் இருக்கும். அதனால் ஓரத்திலிருந்து ஓட்டை வரை உள்ள உலோகத்தை வெட்டி எடுப்பதே முழு வைத்தியம். 32 பல் ஹேக்சா பிளேடால் இருபுறமும் சாய்வாக அறுத்து, அரைவட்ட அரத்தால் பிறைபோல அகலமான பள்ளமாக்குங்கள். ஆழத்தைப் போல இரண்டு மடங்காவது வாய் அகலம் இருக்கட்டும். பள்ளம் ஓரத்தைத் தொடும் இரு மூலைகளையும் உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குச்சி அங்கே மாட்டி மறுபடி கிழியும்.

உலோகம் போன பக்கம் எடை குறைவு. சிம்பலை உங்களை நோக்கிச் சாய்த்து ஸ்டாண்டில் மாட்டினால் கனமான பக்கம் தானாகச் சுழன்று உங்கள் பக்கம் இறங்கும், வெட்டிய பள்ளம் அந்தப் புறம் போய்விடும். குச்சி படாத இடத்துக்கு அது தானே ஒதுங்குகிறது. இதற்காகவாவது விங்-நட்டைத் தளர்வாக விடுங்கள்.

வட்டமாக ஓடும் விரிசல்

லேத்தில் இழைத்த வரிகளுக்குள் வட்டமாக ஓடும் விரிசல் பொல்லாதது. அதற்கு இரண்டு முனை, இரண்டு ஓட்டை. நடுவில் உள்ள பகுதியையும் சிறு சன்னல் போல எடுத்துவிட வேண்டியிருக்கும். ஓரத்துக்கு இரண்டு விரற்கடைக்குள் இருந்தால் வெளிவட்டம் முழுவதையும் குறைப்பதே மேல் என்பது என் முடிவு. 16 அங்குல கிராஷை 14 ஆக்கினால் ஏறக்குறைய கால் பங்கு பரப்பு போகும். சுருதி ஏறும், நாதம் சுருங்கும், பழைய ஒலி திரும்பாது. ஆனாலும் உருப்படியான ஒரு சிம்பல் கையில் இருக்கும்.

இந்த வேலைக்குத் தட்டாஞ்சாவடி அல்லது மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையைப் பாருங்கள். போவதற்கு முன் லேத்தின் சென்டர் உயரத்தைக் கேளுங்கள். 16 அங்குலத் தட்டு சுழல 8 அங்குலத்துக்கு மேல் உயரம் வேண்டும், அல்லது கேப்-பெட் லேத்தாக இருக்க வேண்டும். சிம்பலை நேராகச் சக்கில் பிடிக்க முடியாது. சற்றுச் சிறிய பிளைவுட் வட்டத்தில் நடு ஓட்டை வழியாக போல்ட் போட்டு இறுக்கித் தர வேண்டும். “அண்ணே, இதை இரும்பு மாதிரி ஆழமா வெட்டாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா சீவுங்க” என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். பி-20-ஐ அவர் இதற்கு முன் தொட்டிருக்க வாய்ப்பு குறைவு.

நடு ஓட்டையும் தோல்வாரும்

நடு ஓட்டை சாவித்துளை போல ஒரு பக்கம் நீண்டிருந்தால், ஸ்டாண்டின் கம்பியில் பிளாஸ்டிக் குழாய் இல்லாமல் வாசித்திருக்கிறார்கள். மரையுள்ள இரும்புக் கம்பி அரம் மாதிரி வெண்கலத்தைத் தின்றுவிடும். வட்ட அரத்தால் ஓட்டையை மீண்டும் முழு வட்டமாக்கி, அந்த அளவுக்குத் தடித்த நைலான் குழாய் போடுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டியூப் ஒரு துண்டு அவசரத்துக்கு உதவும். மேலும் கீழும் ஃபெல்ட் வளையம் வையுங்கள்.

பேண்டு செட்டின் கை ஜோடிக்கு இந்த இடம் இன்னும் முக்கியம். தோல்வாரின் முடிச்சு பெல்லின் உள்ளே உட்காரும் இடத்தில்தான் அவை விரியும். நைலான் கயிறு கட்டி வாசிக்கும் ஜோடிகளைப் பார்க்கிறேன். நைலான் வழுக்கி முடிச்சு தளரும். பதப்படுத்திய தோலையே கட்டுங்கள், முடிச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவே தோல் வளையம் ஒன்றும் போடுங்கள். இரண்டு தட்டுகளையும் நேருக்கு நேர் அறையாமல் சற்றுச் சரித்து மோதப் பழக்குங்கள். நேராக அறைந்தால் நடுவில் காற்று அடைபட்டு, மெல்லிய பித்தளை குடை போல மறுபக்கம் திரும்பிவிடும். அப்படித் திரும்பியதை மணல் மூட்டையின் மேல் கவிழ்த்து, முழங்காலால் நடுவிலிருந்து சீராக அழுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஓரம் மடங்கிய பித்தளையை அதே மணல் மூட்டையில் வைத்து, மரச்சுத்தியால் மடிப்பின் இரு நுனியிலிருந்தும் நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தட்டுங்கள். பி-20-இல் ஓரம் மடங்கியிருந்தால் நிமிர்த்த முயல வேண்டாம். அந்தத் துண்டை வெட்டி உருட்டிவிடுங்கள்.

கடற்காற்றும் வெள்ளமும்

சிம்பலில் தெரியும் பச்சை எல்லாம் ஒன்றல்ல. பழுப்பும் பச்சையுமாகக் கெட்டியாக ஒட்டி, தேய்த்தாலும் வராத படலம் கெடுதல் செய்யாது, அது உலோகத்துக்குப் போர்வை. பலர் அந்த மங்கிய ஒலிக்காகவே அதை வளர்க்கிறார்கள். வெளிர்பச்சையாகப் பொடிப்பொடியாக உதிர்ந்து, துடைத்த சில நாளில் திரும்ப வருவதுதான் நோய். உப்பிலுள்ள குளோரைடு உலோகத்துக்குள் இறங்கிவிட்டதன் அடையாளம் அது. காற்றின் ஈரப்பதம் சுமார் 45 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடங்கிக் கிடக்கும். எங்கள் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி 70-ஐத் தாண்டியே இருப்பதால் அது அடங்குவதே இல்லை. குழி விழும், குழியிலிருந்து விரிசல் கிளம்பும்.

அந்த இடத்தை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றிச் சில நாள் தொடருங்கள். குழாய்த் தண்ணீர் கடைசி அலசலுக்கு ஆகாது, கடற்கரைப் பகுதிகளில் அதிலேயே உப்பு இருக்கிறது. பிறகு வெயிலில் உலர்த்தி, மெழுகை மிக மெல்லியதாகத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். பூசையறைப் பாத்திரத்துக்குப் போடுவது போலப் புளியும் உப்பும் சேர்த்துத் தேய்க்காதீர்கள். புளி பளபளப்பைத் தரும், கூடச் சேர்க்கும் உப்பு அடுத்த களிம்புக்கு விதை போடும். பீதாம்பரி போன்ற பொடிகள் அச்சிட்ட பெயரையும் சேர்த்து எடுத்துவிடும். பெயர் அழிந்த சிம்பலுக்கு மறுவிற்பனையில் பாதி மதிப்பு போய்விடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்தது. அப்படி நனைந்த சிம்பலை எத்தனை சீக்கிரம் பையிலிருந்து எடுக்கிறோம் என்பதே எல்லாம். ஈரத் துணிப்பைக்குள் ஒரு வாரம் கிடந்தால் பையின் நெசவு அப்படியே பச்சையாகப் பதிந்துவிடும். மழைக்காலம் முழுக்கப் பையில் போட்டு மூடாமல், மின்விசிறிக் காற்று படும் சுவரில் ஆணியடித்து, ஆணிக்குக் குழாய் மாட்டித் தொங்கவிடுங்கள். கடற்கரையில் வாசித்துவிட்டு வந்த இரவே, எத்தனை அலுப்பாக இருந்தாலும், ஈரத்துணியால் ஒரு தடவையும் உலர்ந்த துணியால் ஒரு தடவையும் துடைத்துவிடுங்கள்.

இனி முடியாது என்றால்

பெல்லுக்குள் விரிசல் ஏறிவிட்டாலோ, ஓட்டை போட்டு வெட்டிய இடத்தில் இரண்டாவது முறையும் விரிந்தாலோ அந்தச் சிம்பலின் பழைய வேலை முடிந்தது. பெல் நன்றாக இருந்தால் அதைச் சுற்றி 8 அங்குல வட்டமாக அறுத்து எடுங்கள், கூர்மையான மணியோசை கிடைக்கும். இரண்டு உடைந்த கிராஷ்களை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து மாட்டினால் கைத்தட்டல் போல வெட்டி நிற்கும் ஒலி வரும், இப்போதைய டிரம்ஸ்காரர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஆரோவில் கோட்டக்கரையில் இசைக்கருவிகள் செய்யும் ஸ்வரம் பட்டறைக்கு ஒரு தடவை போய்வாருங்கள். உலோகத் துண்டுகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் எப்படி ஒலி எடுக்கிறார்கள் என்று பார்த்தால், மிஞ்சிய துண்டை என்ன செய்யலாம் என்று உங்களுக்கே தோன்றும்.

எதற்கும் ஆகாத மிச்சத்தைப் பழைய இரும்புக் கடையில் போடும்போது, “பித்தளைதானே” என்று எடை போட விடாதீர்கள். வெள்ளீயம் செம்பைவிடப் பல மடங்கு விலை போகும் உலோகம், பி-20-இல் அது ஐந்தில் ஒரு பங்கு. ஒரு மூலையை அரத்தால் தேய்த்து நிறத்தைக் காட்டி, வெண்கல விலை கேளுங்கள்.